கட்டுன அன்னைக்கு எல்லா முடிச்சும் நல்ல முடிச்சுதான்

வா மாப்ளே, ஒக்காரு. தென்னமட்டையில ஒக்காந்தா பேன்ட்டு அழுக்காயிடுமோன்னு பாக்குறியா? அழுக்காவட்டும். தொவைக்கப் போறது ஒங்கம்மா, ஒனக்கென்ன கவலை?

போன தீவாளிக்கு வந்தப்ப எங்கிட்ட ஒரு டப்பா காட்டுனியே, ஞாபகம் இருக்கா? வெத்தல போடுறவன் சுண்ணாம்பு டப்பா அளவுக்கு, வெள்ளை வெளேர்னு, ரெண்டு பக்கமும் நாலு நாலு ஓட்டை. "மாமா, எட்டு ஒயரும் ஒரே எடத்துல சேரும். முறுக்க வேணாம், டேப்பு சுத்த வேணாம். நானே டிசைன் பண்ணுனது"ன்னு சொன்னே. இதுல சுண்ணாம்பு வைக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே. சரி, மாமனுக்கே குடுத்துட்டுப் போன்னு வாங்கி வச்சேன். எங்க வச்சேன்னு இப்பக் கேக்காத. பொறவு சொல்லுறேன்.

ஒங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா, எம்புள்ள கனெக்டர் கம்பெனியில டிசைனு பண்றான்னு. அதிராம்பட்டினம் கடைத்தெருவுல பாதி சனம் நீ பஸ்ஸுல கண்டக்டரா இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு. "டிசைனு பண்ற கண்டக்டர்னா ஏசி பஸ்ஸா இருக்கும்"னு பெரியாத்தா விளக்கம் வேற குடுத்துச்சு. நான் திருத்தப் போவல. அவுங்க சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு. எட்டுப் பேரை வண்டியில ஏத்துறது பெரிய காரியமில்ல மாப்ளே. ஏறுனவன் எறங்குற எடம் வரைக்கும் கீழ விழாமப் பாத்துக்கணும், அதான் கண்டக்டர் உத்தியோகம். ஒன் உத்தியோகமும் அதுதான்.

சிரிக்காத. நான் அஞ்சாப்போட மாடு மேய்க்கப் போனவன், ஒனக்குச் சொல்லிக்குடுக்கத் தகுதி இல்லதான். ஆனா இந்தத் தோப்புல நாப்பது வருசமா ஒரு மோட்டாரோட குடும்பம் நடத்துறேன். ஒங்க அத்தையோட சண்டை போட்டதவிட அதோட போட்டது அதிகம். அதுல நூத்துக்குத் தொண்ணூறு சண்டை ஒயரு நடுவுல அறுந்து வந்ததில்ல, சேருற எடத்துல வந்தது. சம்பந்தம் பண்ணுன எடத்துலதானே சண்டை வரும்? வேத்து ஆளுகிட்ட எவன் சண்டைக்குப் போறான்?

முதல்ல நீ சொன்ன கதையவே திருப்பிச் சொல்றேன். நீ சொன்னா அது பாடம், நான் சொன்னா அது அனுபவம் ஆயிடும். ஒரு காலத்துல ரெண்டு ஒயரைச் சேக்கணும்னா முறுக்கி, ஈயத்தப் பத்த வச்சு, மேல டேப்பு சுத்துனாங்களாம். கனடாவுல மார்னு ஒருத்தர் 1914-ல, பத்த வைக்காமலே அழுத்திப் புடிக்கிற ஒரு மூடியக் கண்டுபிடிச்சாராம். பொறவு 1928-ல ஜெர்மனியில பீனிக்ஸ் கம்பெனிக்காரன், ஒண்ணோட ஒண்ணு சேத்து வரிசையா மாட்டுற டெர்மினல் கட்டையக் கொண்டாந்தான். 1951-ல அதே ஜெர்மனியில வாகோன்னு ஒரு கம்பெனி, திருகே வேணாம், ஸ்பிரிங்கு புடிச்சுக்கும்னு ஆரம்பிச்சான். நூறு வருசத்துக்கு மேல மூளையக் கசக்கியிருக்கானுவ. எதுக்குங்கிறே? ரெண்டு கம்பி ஒண்ண ஒண்ணு விடாம இருக்குறதுக்கு. இங்க தாலியக் கட்டியே விடாம வைக்க முடியல, நீ திருகப் போட்டு வைக்கப் பாக்குறே!

இப்ப எந்திரிச்சு அந்த மோட்டார் பெட்டிகிட்ட வா. பயப்படாத, மெயின எறக்கிட்டுத்தான் கூப்புடுறேன். பியூஸ் கட்டை மூணும் எம்மடியில இருக்கு பாரு. மூடியத் தொறந்துட்டேன். ஆறு பித்தளை போல்ட்டு தெரியுதா? மேல மூணு, கீழ மூணு. இதுதான் நான் பாத்ததுலயே பெரிய டிசைனு. போட்டவன் பேரு எனக்குத் தெரியாது, ஆனா ஆளு நம்ம ஊரு பந்தியில சாப்புட்டுருக்கணும்.

உள்ள மூணு காயிலு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலை, ஒரு வாலு. ஆக ஆறு முனை. கீழ் வரிசையில தலை மூணும் இருக்கு: யு1, வி1, டபிள்யூ1. ஒன்னய மாதிரி ஆளுகிட்ட விட்டா மேல் வரிசையில வால்களையும் அதே வரிசையில, நேருக்கு நேரா, யு2, வி2, டபிள்யூ2ன்னு அழகா வச்சிருப்பே. அவன் வைக்கல. ஒரு எடம் தள்ளி வச்சான். யு1-க்கு நேரா மேல டபிள்யூ2, வி1-க்கு மேல யு2, டபிள்யூ1-க்கு மேல வி2. மொதல்ல பாத்தப்ப, குடிச்சுட்டு மாட்டியிருக்கான்னுதான் நானும் நெனைச்சேன்.

இப்பப் பாரு வேடிக்கைய. இந்தப் பித்தளைப் பட்டையை நெட்டுக்குத்தா மூணு எடத்துலயும் மாட்டு. ஒரு காயிலோட தலை அடுத்த காயிலோட வாலைப் புடிக்கும். மூணும் கும்மி அடிக்கிற மாதிரி வட்டமாக் கைகோத்துக்கும். அது டெல்டா. அதே பட்டையக் கழட்டி மேல் வரிசையில படுக்க வையி. மூணு வாலும் ஒரு எடத்துல கூடிடும். அது ஸ்டார். போல்ட்டுக்குப் போல்ட்டு தூரம் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒண்ணு. அதனால அதே பட்டை நிமுந்தும் நிக்கும், படுத்தும் படுக்கும். ஸ்டாருக்கு ரெண்டு பட்டை போதும். மூணாவதையும் அதுமேலேயே போட்டு முடுக்கிடுவாங்க, தொலைஞ்சு போவாம இருக்க.

நேருக்கு நேரா வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? நெட்டுக்குத்தா பட்டையப் போட்டா ஒவ்வொரு காயிலும் தன் வாலைத் தானே கவ்விக்கும். மோட்டாரு ஓடாது. நம்ம ஊருல சில பெரிய மனுசங்க கமிட்டி போடுவாங்க பாரு, அந்த மாதிரி. ஆளு எல்லாம் வந்திருக்கும், டீயும் குடிச்சாச்சு, வேலை மட்டும் நடக்காது. பந்தியில பங்காளிய நேருக்கு நேரா ஒக்கார வைக்காம ஒரு எலை தள்ளி ஒக்கார வைக்கிறான் பாரு, அவன் புத்திசாலி. கனெக்டர்னா ஓட்டை எத்தனைங்கிறது கணக்கில்ல மாப்ளே. எந்த ஓட்டை எதுக்குப் பக்கத்துலங்கிறதுதான் கணக்கு. ஒன் டப்பாவுல எட்டு ஓட்டையும் எட்டுப் புள்ள பெத்த வூடு மாதிரி இருந்துச்சு. எது பெரியவன், எது சின்னவன், எவன் பேஸ், எவன் நியூட்ரல், ஒரு பேருமில்ல, ஒரு நெறமுமில்ல.

டெல்டான்னதும் ஞாபகம் வருது. நம்மளையும் டெல்டாங்கிறான், மோட்டாரையும் டெல்டாங்கிறான். கிரேக்கக்காரன் எழுதுற முக்கோண எழுத்தாம் அது. மோட்டார் டெல்டாவுல மூணு மூலைக்கும் சமமாக் கரண்டு போவுது. நம்ம டெல்டாவுல? மேல உள்ளவன் ரெண்டாம் களை எடுத்து முடிக்கிறப்பதான் நம்ம கடைமடைக்குத் தண்ணி வந்துக்கிட்டு இருக்கும்.

ஆனா ஒரு விசயம். கரிகாலன் கட்டுன கல்லணையவிடப் பெரிய கனெக்டர நீ பாத்திருக்கியா? ஒரு பக்கம் காவேரி வந்து சேருது. அங்கேர்ந்து காவேரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு நாலாப் பிரியுது. பட்டுக்கோட்டைப் பக்கம் வர்றது அந்தக் கடைசிக் கால்வாய். மேட்டூர் அணையோட சேத்து வெட்டுனது, அணை முடிஞ்சது 1934-ல. எங்க தாத்தா புதாறுன்னாரு, நானும் புதாறுங்கிறேன். தொண்ணூறு வருசமாச்சு, இன்னமும் அது புதாறுதான். நம்ம ஊருல கல்யாணம் ஆயி புள்ள பெத்தவளையும் புதுப்பொண்ணுன்னு கூப்புடுவோமே, அப்புடி.

அங்க என்ன பாடம்னா, நாலு ஆத்துக்கும் தனித்தனி மதகு. ஒண்ண மூடுனா மத்த மூணும் பாட்டுக்கு ஓடும். நம்ம தெரு ஒயர்மேனுங்க எப்புடிச் சேக்குறாங்க? மொத சுவிட்சுலேர்ந்து ரெண்டாவதுக்கு, ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு, வயல்லேர்ந்து வயலுக்கு மடை தொறக்குற மாதிரி. நடுவுல ஒருத்தன் வரப்ப அடைச்சா அதுக்குக் கீழ உள்ளவன் அத்தனை பேரும் காஞ்சு சாவான். அதுக்குத்தான் ஒரு பித்தளைக் கட்டையப் போட்டு, எல்லாரும் அதுலேர்ந்தே தனித்தனியா எடுங்கடான்னு சொல்றது. பஸ்பாருங்கிறீங்க. நல்ல பேரு, அது நிக்கிற பஸ்ஸு. அதுலயும் ஒரு கணக்கு இருக்கு. நாலு பேரு ஆளுக்கு 10 ஆம்பியர் எடுத்தா, கட்டையோட தலைமாட்டுல 40 ஆம்பியர் ஓடும். கிளை வாய்க்கா அகலத்துல தாய் வாய்க்கா வெட்டுனா என்ன ஆவும்? ஒன் டப்பாவத் தொறந்து பாத்தேன். எட்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்குற தகடு ஒங்க அத்தை நெத்திச்சுட்டி அளவுக்குக்கூட இல்ல.

இந்த நடுக்கட்டை கழண்டா என்ன ஆவும்னு நான் கண்ணால பாத்தேன். நம்ம பக்கத்து ஊருல ஒரு கல்யாணம். பேரு வேணாம், இன்னமும் அவுங்க வூட்டுல எனக்குச் சாப்பாடு போடுறாங்க. த்ரீ பேஸ் ஜெனரேட்டர் வச்சு, மாப்ள வூட்டுப் பக்கம் ஒரு பேஸு, பொண்ணு வூட்டுப் பக்கம் ஒரு பேஸு, சமையலுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் கட்டியிருந்தாங்க. மாப்ள வூட்டுக்காரன் சும்மா இருப்பானா? சீரியல் செட்டு, போகஸ் லைட்டு, மேடையில பெரிய பேனுன்னு ஏத்திட்டான். பொண்ணு வூட்டுக்காரன் பாவம், நாலு ட்யூப்லைட்டு, ரெண்டு குண்டு பல்பு. ராத்திரி எட்டு மணிக்குப் பலகையில நியூட்ரல் திருகு கழண்டு போச்சு. நியூட்ரல் இல்லன்னா 230 வோல்ட்டுங்கிற கணக்கே போயிடும். ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்குற 400 வோல்ட்ட ஆளுக்கு ஆளு பங்கு போட்டுக்கும். அதிகமா ஏத்துனவன் பக்கம் வோல்ட்டு எறங்கும், கம்மியா வச்சவன் பக்கம் ஏறும். மாப்ள வூட்டுப் பக்கம் லைட்டெல்லாம் மினுக்கட்டாம்பூச்சி மாதிரி மங்கிப்போச்சு. பொண்ணு வூட்டுப் பக்கம் குண்டு பல்பு டமார் டமார்னு வெடிச்சுது. கம்மியாச் செஞ்சவன் தலையிலதான் விடியும்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். "சீர்ல கொறை வச்சா இப்புடித்தான்"னு மாப்ள வூட்டுக் கெழவி ஒண்ணு சொல்லிச்சு. காரணம் ஒரு திருகு மாப்ளே. முக்கா இஞ்சுத் திருகு. ரெண்டு குடும்பம் ஆறு மாசம் பேசிக்கல.

லூஸா இருந்தா ஏன் சூடாவுதுன்னு ஒன்னய மாதிரி படிச்ச ஒரு தம்பிகிட்ட ஒருதரம் கேட்டேன். "ரெசிஸ்டன்ஸு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கோயில்ல பூசாரி "அருள்"னு சொல்லிட்டு விபூதி குடுக்குற மாதிரி. நானா யோசிச்சுப் பாத்தேன். உழுது போட்ட வயல் ரெண்டை எடுத்து, ஒண்ணைக் கவுத்து இன்னொண்ணு மேல வச்சா எங்கெங்க தொடும்? மண்ணுக்கட்டியும் மண்ணுக்கட்டியும் முட்டுற எடத்துலதான். மத்த எடமெல்லாம் சந்து. பித்தளையும் தாமிரமும் அப்புடித்தானாம். கண்ணுக்கு வழவழன்னு இருக்கும், கிட்டப் போனா கட்டி கட்டியாத்தான் தொடும். அழுத்துனாத்தான் கட்டி நசுங்கிப் பரவும். ஆகக்கூடி அகலமான தகடு போட்டாப் பத்தாது, அழுத்தமும் வேணும்.

இந்த ஏழரை எச்.பி. மோட்டாரு ஓடுறப்ப ஒரு கம்பியில சுமாரா 11 ஆம்பியர் போவுது. ஏழரைன்னு பேரு வச்சப்பவே எனக்குச் சந்தேகம்தான். அந்தக் கம்பி சேருற எடம் லூஸாகி ஒரு ஓம்ஸுல பத்துல ஒரு பங்கு ஏறிட்டுதுன்னு வச்சுக்க. பதினொண்ண பதினொண்ணால பெருக்கு, 121. பத்துல ஒரு பங்கு போட்டா 12 வாட்டு. 12 வாட்டு என்னா பெருசுங்கிறியா? ரேடியோ ரிப்பேர்காரன் ஈயம் உருக்குற கம்பியே 25 வாட்டுதான். அதுல பாதிச் சூட்ட ஒரு கட்டைவெரல் அளவு டப்பாக்குள்ள ராத்திரி பூரா வச்சா என்ன ஆவும்? சூட்டுல திருகு இன்னும் எளகும், எளகுனா இன்னும் சூடாவும். கடன்காரன் வட்டி மாதிரி, தன்னால குட்டி போடும். ஸ்டார்ட்டர் இல்லாம நேரடியாத் தட்டி விட்டா, கௌம்புற நேரத்துல அது ஆறு மடங்கு கரண்டு இழுக்கும். ஆறு மடங்கு கரண்டுன்னா சூடு முப்பத்தாறு மடங்கு. அந்த ஒரு நொடியில உள்ள என்ன நடக்கும்னு நீயே போட்டுப் பாரு.

நம்ம கவர்மெண்டு 1990-லேர்ந்து விவசாயத்துக்குக் கரண்ட இலவசமாக் குடுக்குது. நல்ல விசயம், இல்லைங்கல. ஆனா காயிலு எரிஞ்சா காயிலு கட்டுறவரு இலவசமாக் கட்டுறதில்ல. அவரு மவ கல்யாணத்துல பாதிச் செலவு என் மோட்டாருதான் செஞ்சுச்சு.

இதெல்லாம் ஓசூர்லயும் கோயம்புத்தூர்லயும் நடக்குற கதைதான். நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு சாபம் இருக்கு. மூக்க நிமித்தி காத்த இழு. என்ன வாசம்? கருவாடுன்னு சொல்லாத, அதுக்குக் கீழ. உப்பு. அந்தாண்ட உப்பளம், இந்தாண்ட அலையாத்திக் காடு, நடுவுல நம்ம தோப்பு. ஒங்க கம்பெனியில சோதனை போடுவீங்களாமே, பெட்டிக்குள்ள சாமான வச்சு, 5 சதவீத உப்புத் தண்ணிய 35 டிகிரி சூட்டுல பொகை மாதிரி அடிச்சு, துருப்புடிக்குதான்னு மணிக்கணக்குப் பாப்பீங்கன்னு சொன்னே. ஏன்டா, அதுக்கு ஒரு ரூமு, ஏசி, கரண்டு பில்லு, பாக்குறதுக்கு ஒரு ஆளு, அவனுக்குச் சம்பளம். நம்ம கடலு மூணரை சதவீத உப்பு. சூடு கேக்கவே வேணாம். ராத்திரி பகலா, வருசம் பூரா, சம்பளம் கேக்காம அடிக்குது.

இப்பச் சொல்றேன், ஒன் டப்பா எங்க இருக்குன்னு. அண்ணாந்து பாரு. மோட்டார் கொட்டாய் எறவாணத்துல, தெக்கால, கடக்காத்து வர்ற பக்கமா ஒரு கயித்துல தொங்குதே, அதான். தீவாளி மறுநாள் கட்டுனேன். சும்மா கட்டல. ஒரு ஓட்டையில தாமிரக் கம்பி, ஒரு ஓட்டையில அலுமினியக் கம்பி, ஒரு ஓட்டையில தடியும் மெலிசுமா ரெண்டு கம்பிய ஒண்ணாச் சொருகி முடுக்கி வச்சேன். நம்ம ஊரு ஒயர்மேன் எப்புடி முடுக்குவானோ அப்புடியே. அத எறக்கு. ம், கையில வாங்கிப் பாரு.

திருகு தலையில ஏன் இவ்வளவு துரு? "முலாம் போட்டது மாமா"ன்னு சொன்னே. முலாம் போயிடுச்சு மாப்ளே. உள்ள தாமிரத்துல பச்சைக் களிம்பு ஏறியிருக்கு பாரு, கோயில் குத்துவெளக்கப் புளி போடாம வச்ச மாதிரி. அலுமினியத்த உருவு. வெள்ளைச் சாம்பல் மாதிரி கொட்டுதா? தாமிரமும் அலுமினியமும் உப்பு ஈரத்துல தொட்டுக்கிட்டு இருந்தா, அதுவே ஒரு குட்டி பாட்டரி ஆயிடுமாம். அலுமினியம் தன்னைத் தானே கரைச்சுக்கும். காத்து பட்டாலே அலுமினியத்து மேல ஒரு தோலு வேற வளந்துக்கும், அந்தத் தோலுல கரண்டு ஏறாது. சூடாச்சுன்னா தாமிரம் 17 பங்கு விரிஞ்சா அலுமினியம் 23 பங்கு விரியும். தெனம் விரிஞ்சு சுருங்கி, விரிஞ்சு சுருங்கி, ஒரு நாள் திருகுக்கும் கம்பிக்கும் நடுவுல சந்து விழுந்துடும். அமெரிக்காக்காரனே அறுபதுகள்ல தாமிரம் வெலை ஏறிப்போச்சுன்னு வூட்டுக்குள்ள அலுமினியத்த இழுத்துட்டு, பொறவு தீப்புடிச்சு முழிச்சான். தெருக்கம்பி அலுமினியம், வூட்டு ஒயரு தாமிரம். ரெண்டும் சந்திக்கிற எடத்துக்கு, ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இதுன்னு ஒட்டிப் பொறந்த லக்குன்னு கம்பி முனையில மாட்டுற சாமான் ஒண்ணு இருக்கு. கலப்புக் கல்யாணத்துக்கு நடுவுல நின்னு பேசுற பெரிய மனுசன் மாதிரி. அத வாங்க நம்மாளுக்கு மனசு வராது.

தடியும் மெலிசும் போட்ட ஓட்டையப் பாரு. தடிக்கம்பி கெட்டியா இருக்கு. மெலிசு? ஒரு வெரலால இழுத்தேன், கோவிச்சுக்கிட்டுப் போற மாமியார் மாதிரி சொல்லாமக் கொள்ளாம வெளிய வந்துடுச்சு. அண்ணனும் தம்பியும் ஒரே கட்டில்ல படுத்தா போர்வை யாருகிட்ட இருக்கும்? ஒரு ஓட்டைக்கு ஒரு கம்பி மாப்ளே. ரெண்டு சொருக முடியாதபடி ஓட்டைய வையி. முடியும்னா எவனாவது சொருகுவான். நான் சொருகுனேன் பாத்தியா?

ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவுல ஒரு குட்டிச் சுவரு வச்சிருக்கே. நல்லதுதான், ஆனா எங்க வரப்பு இதவிட ஒசரம். உப்பும் தூசியும் பனி ஈரமும் சேந்து பிளாஸ்டிக்கு மேல பாசி மாதிரி படிஞ்சா, கரண்டு அதுமேல ஊந்து போயிடும், ஆரால் மீனு சேத்துல போற மாதிரி. சுவரு ஒசரமா இருந்தா அது ஏறி எறங்கிச் சுத்திப் போவணும், களைச்சுப்போயிடும். பழைய பீங்கான் கட்டைக்காரனுக்கு இது தெரிஞ்சிருக்கு. ஒனக்கு டப்பா சின்னதா இருக்கணும், போட்டோவுல அழகா இருக்கணும்.

மொகம் வாடாத. நல்லதையும் சொல்றேன். ஒரு பக்கத்து நாலு ஓட்டையில திருகு இல்லாம ஸ்பிரிங்கு வச்சிருந்தே. அதுலயும் ஒண்ணுல தாமிரக் கம்பியச் சொருகி வச்சிருந்தேன், அது இன்னமும் விடல. இழுத்துப் பாத்தேன், இழுத்த என் கைதான் வலிச்சுது. மோட்டாரு அதுர்ற எடத்துல திருகு எளகிக்கிட்டே இருக்கும். ஸ்பிரிங்கு அதுரும்போதும் கூடவே வரும், கம்பி கொஞ்சம் சுருங்குனாலும் பின்னாலேயே போய்ப் புடிச்சுக்கும். முத்துப்பேட்டைகிட்ட ஜாம்புவானோடை தர்கா கந்தூரிக் கூட்டத்துல ஒன்னய நான் கையப் புடிச்சுக் கூட்டிப் போனேன். நசுங்குற மாதிரியும் புடிக்கல, நழுவுற மாதிரியும் விடல. அந்தப் புடிதான் ஸ்பிரிங்குப் புடி. ஆனா அந்த ஸ்பிரிங்கு துருப்புடிக்காத எஃகுல இருக்கணும். இல்லன்னா, வயசான என் புடி மாதிரி ஆயிடும்.

கடைசியா ஒண்ணு. ஒங்க ஆபீஸுல மேசை மேல வெளக்கு, கையில கிளவுசு, டார்க் அளந்து முடுக்குற ஸ்க்ரூடிரைவர். இங்க எப்புடின்னு கேளு. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலம் கரையேறுச்சு. இந்தத் தோப்புல விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மரம் நின்னுச்சு. டெல்டா பூரா லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் சாஞ்சுது. வாரக்கணக்குல இருட்டு. வெளி மாவட்டத்துலேர்ந்தும் கேரளாவுலேர்ந்தும் லைன்மேனுங்க வந்து, சேத்துல முழங்கால் பொதைய நின்னு கம்பம் நட்டாங்க. ஒருத்தன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு, மழை சொட்டச் சொட்ட, பெட்டிக்குள்ள கைய விட்டுத் திருகு முடுக்குனான். கையிலேர்ந்து ஒரு திருகு நழுவி சேத்துல விழுந்துடுச்சு. அரை மணி நேரம் தேடுனோம், நானும் அவனும், சகதியில கோழி கிளறுற மாதிரி. அதோட சோடித் திருகு வேற கெடையாது. அன்னைக்கு நெனைச்சேன், இந்தத் திருகு கழண்டாலும் விழாம பெட்டியோடவே தொங்குற மாதிரி எவனாவது செஞ்சா, அவனுக்கு எங்க குலசாமிக்குப் பக்கத்துல ஒரு கல்லு நடலாம்னு. அந்த லைன்மேனு கண்ண மூடிக்கிட்டு மாட்டுற மாதிரி ஒரு டப்பா செய்யி. பச்சை ஒயரு பச்சை ஓட்டையிலதான் போவணும், தடவுனாலே தெரியணும். மேசையில ஒக்காந்து மாட்டுறவனுக்குச் செய்யாத, அவனுக்கு என்ன குடுத்தாலும் மாட்டிடுவான்.

கட்டுன அன்னைக்கு எல்லா முடிச்சும் நல்ல முடிச்சுதான் மாப்ளே. கல்யாண ஆல்பத்தப் பாரு, எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு புயலு போன பொறவு தொறந்து பாக்கணும். ஒங்க மேனேஜரு டப்பாவ வாங்குன அன்னைக்குக் கை தட்டுவாரு. எறவாணம் கை தட்டாது.

என்ன, எழுதிக்கிட்டியா? போன்ல எழுதுனே, பாத்தேன். நல்லது. ஒன் டப்பாவ எடுத்துக்கிட்டுப் போயி அந்த மேனேஜரு மேசையில வையி. எவன் சோதிச்சான்னு கேட்டா, எங்க மாமனும் வங்கக் கடலும்னு சொல்லு.

இவ்வளவு நேரம் ஒன்னய ஏன் ஒக்கார வச்சுப் பேசுனேன்னு நெனைக்கிறே? ஒம்மேல பாசம்தான், அதுல கொறை இல்ல. ஆனா அந்தப் பெட்டியில வலது பக்கத்து போல்ட்டக் கொஞ்சம் உத்துப் பாரு. கருப்பா இருக்கா? ஒயரு தோலு உருகி ஒட்டியிருக்கா? அது என் கைவரிசை. போன வருசம் லக்கு வாங்கச் சோம்பேறித்தனப்பட்டு, நானே முறுக்கிச் சுத்தி மேல டேப்பு போட்டேன். அஞ்சு நாளா மோட்டாரு ஓடல. நெல்லு இல்ல, தென்னைதான், தாங்கும். ஒயர்மேன் வர ரெண்டு நாளாகுங்கிறாரு. படிச்ச புள்ள லீவுக்கு வர்றானே, எதுக்கு வெட்டிச் செலவுன்னு பையன பட்டுக்கோட்டைக்கு அனுப்பி வச்சேன்.

தா, வண்டிச் சத்தம் கேக்குது. லக்கு வாங்கிட்டு வந்துட்டான். பியூஸ் கட்டை எம்மடியிலதான் இருக்கு, தைரியமா கைய விடு. அந்தப் பேன்ட்ட மட்டும் மடிச்சு விட்டுக்க, ஒங்கம்மாகிட்ட யாரு பேச்சு வாங்குறது?